டிஸ்க்கில் துளை இருந்தால் வண்டி நிற்குமா?

இந்த இதழுக்கு பிரேக் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கு பதில் நீளமாகிவிட்டது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, என்னிடம் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி இருக்கிறது. தினமும் அண்ணா நகரிலிருந்து கப்பலூருக்கு வேலைக்குப் போகிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு கோவை கரி ரேஸ் டிராக்கில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். துளை போட்டு, கோடு வெட்டிய டிஸ்க்கும் ரேஸ் பேடும் சேர்த்து ஒரே செட்டாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் ரோடு, டிராக் இரண்டுக்கும் ஆகுமா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

ஆகாது தம்பி. அந்த டிஸ்க்கும் வேண்டாம், அந்தப் பேடும் வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பது பேட். பிரேக்குக்கு இருப்பது ஒரே வேலை. வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றி, அந்தச் சூட்டைக் காற்றில் விட வேண்டும். நீங்களும் ஏறி உட்கார்ந்தால் உங்கள் வண்டி ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு ஒரே மிதியில் குறைத்தால் 400 கிலோஜூலுக்கு மேல் சூடாக மாறும். அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்றால், ஐந்து கிலோ எடையுள்ள இரண்டு டிஸ்க்கும் ஒரு மிதிக்கே 60 டிகிரி ஏறும். கப்பலூர் ரோட்டில் அடுத்த மிதிக்குள் அது ஆறிவிடும். கரி டிராக்கின் மொத்த நீளமே இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். இப்படி ஏறி ஏறி 400 டிகிரியைத் தாண்டுவது டிராக்கில் சாதாரணம். சித்திரை வெயிலில் பிரேக் போய்விடும் என்று நம் ஊரில் பயப்படுகிறவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு 40 டிகிரி வெயில் ஒரு பொருட்டே இல்லை.

அந்தச் சூடு பேட் வழியாக, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனுக்குப் போய், அங்கிருந்து ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை. பிரேக் ஆயில் வைத்த இடத்திலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று ஆயிலின் தரம் போட்டிருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோல் 140 டிகிரிதான். டாட் 4-க்கு அது 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. நல்ல டாட் 4 ஆயிலை, சீல் உடைக்காத டப்பாவாக வாங்கி, நாலு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றி, ஏர் எடுத்துப் போடுங்கள். போன வருடம் பாதி ஊற்றி மூடிவைத்த டப்பா உங்கள் மெக்கானிக்கின் அலமாரியில் இருக்கும். அது வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில், வேறு சாதி. 5.1 கேட்டுப் போய் 5 வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது பேட். கம்பெனி பேட் காலையில் பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடந்தாலும் முதல் மிதியிலேயே பிடிக்கும். ஆனால் 300, 400 டிகிரிக்கு மேல் போனால் பிடி தளரும். நீங்கள் மிதிக்க மிதிக்க வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ரேஸ் பேட் இதற்கு நேர் எதிர். சூடு ஏறினால்தான் அதற்குப் பிடி வரும். அதை மாட்டிக்கொண்டு காலையில் வீட்டிலிருந்து கிளம்பினால், முதல் சிக்னலில் முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவின் பம்பரைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். கூடவே கீச்சுச் சத்தம், சக்கரம் முழுக்கக் கருந்தூள், டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். என் பட்டறைக்கு அப்படி வந்த ஒருவர், வீட்டம்மா அந்த வண்டியில் ஏற மறுத்த பிறகுதான் கம்பெனி பேடுக்குத் திரும்பினார். அந்த அம்மா செய்தது சரி.

இரண்டுக்கும் நடுவில், வேகமாக ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்த ரோடு பேட்கள் இருக்கின்றன. குளிரிலும் பிடிக்கும், கம்பெனி பேடைவிடக் கூடுதல் சூடும் தாங்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு டிராக் டே, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் என்றால் உங்களுக்கு இதுவே போதும். டிராக் பழகி, வேகம் கூடி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் 3.7 கிலோமீட்டர் சுற்றுக்கெல்லாம் போக ஆரம்பித்தால் அப்போது டிராக் பேட் ஒரு செட் தனியாக வாங்குங்கள். அங்கே போய் மாட்டுங்கள், கிளம்பும் முன் கழற்றுங்கள். கை பழகிவிட்டால் அரை மணி, முக்கால் மணி வேலைதான்.

வாங்கும்போது பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். கடைசியில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடி, இரண்டாவது கூடுதல் சூட்டில் உள்ள பிடி. ஈ என்றால் உராய்வு அளவு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால் மலை ரோட்டுக்குக்கூட அதை எடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடும். ஜிஜி என்று போட்டிருக்கிறதே, டிராக்குக்கு ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

டிஸ்க்குக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பேட் சூட்டில் ஆவி விடும். அந்த ஆவி வெளியேற வழி வேண்டும் என்றுதான் டிஸ்க்கில் துளை போட்டார்கள். இப்போதைய பேடில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. துளை போட்டால் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது, டிராக் சூட்டில் துளையின் விளிம்பிலிருந்தே விரிசல் கிளம்புகிறது. கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை, பேடின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பேட் கொஞ்சம் வேகமாகத் தேயும், சத்தமும் வரும். உங்கள் வண்டியில் முன்னால் இருப்பது நடுவில் காற்று போகும் வென்டிலேட்டட் டிஸ்க். அதே அளவில், நல்ல கம்பெனியின் துளையில்லாத டிஸ்க்கே போதும். பார்க்க அழகாக வேண்டும் என்றால் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

புதுப் பேடை ரோட்டிலேயே படிய வைத்துவிட்டுக் கோவைக்குப் போங்கள். விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், 60-லிருந்து 15 வரை ஓரளவு அழுத்தி மிதித்து, நிற்காமல் மறுபடி வேகம் எடுங்கள். எட்டுப் பத்துத் தடவை இப்படிச் செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், ஹேண்ட்பிரேக்கும் போட வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வந்தது. பெடலும் மெத்தென்று ஆனது. பேட் மாற்ற வேண்டுமா?
– வாசகி, உசிலம்பட்டி

பேட் மாற்றுவது அப்புறம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அடிவாரத்து வத்தலக்குண்டு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கை மட்டும் வைத்து இறங்கினால் எந்தப் பேடும் கருகும். நியூட்ரல் கூடாது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், பாரத்தை இன்ஜின் தாங்கட்டும். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே வராமல், விட்டு விட்டு, அழுத்தி மிதியுங்கள். பெடல் மெத்தென்று ஆனால் ஆயில் கொதிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே ஓரங்கட்டி ஆற விடுங்கள், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊருக்கு வந்ததும் ஆயிலை மாற்றிவிட்டு, பேடைக் கழற்றிப் பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி மின்னினாலோ விரிசல் விட்டிருந்தாலோ அதையும் மாற்றிவிடலாம்.

80-ல் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, புதுசு போடு என்கிறார்கள். சரியா?
– வாசகர், மேலூர்

இரும்பு டிஸ்க் அப்படி லேசில் வளையாது. பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், அல்லது டிஸ்க்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் துரு மாட்டி, டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கும். ஹப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் நிறைய இருந்தால் லேத்தில் ஒரு சீவல் கொடுக்கலாம். அந்த அளவை நெருங்கிவிட்டது என்றால் அவர்கள் சொல்வது சரி, புதுசு போடுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

பைக் டிஸ்க்கில் மட்டும் துளை இருக்கலாமா? சிறுமலைக்குப் போக சின்டர்டு பேட் போடலாமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பைக் டிஸ்க் மெல்லிய ஸ்டீல் தகடு, வாங்கும் பாரமும் குறைவு. எடை குறையவும், மழையில் தண்ணீரை வழித்து விடவும் துளை உதவும். சின்டர்டு பேட் என்பது உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. கம்பெனிக்காரரே அந்த டிஸ்க்குக்கு அதைப் பரிந்துரைத்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஈரத்திலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும். செயினுக்கு ஆயில் ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் படாமல் ஒரு பழைய துணியால் மூடிக்கொள்ளுங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசியிலும் எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி வரும், அங்கே ரேஸ் ஓட்டாதீர்கள்.