மகள் வணிகப் பொருளியல் படிக்க விரும்புகிறாள்: பேர்கனிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

குடும்ப இணைப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகின்றன என்றும், உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் வணிகப் பொருளியல் படிக்க விரும்புகிறாள் என்றும், அது வெறும் கணக்கெழுதும் வேலையில் முடிந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்த அச்சத்துக்கு மொழியும் ஒரு காரணம். நோர்வேஜிய மொழியில் வீட்டு வரவு செலவு, நிறுவனத்தின் நிதி, நாட்டின் பொருளாதாரம் ஆகிய மூன்றுக்கும் 'எக்கோனோமி' என்ற ஒரே சொல்தான். நாட்டுப் பொருளியல் தனித் துறை. 1969இல் பொருளியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராக்னர் ஃபிரிஷ் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தது அதைத்தான். உங்கள் மகள் விரும்புவது நிறுவனத்தின் உள்ளிருந்து பார்க்கும் பொருளியல். எங்கள் பேர்கன் நகரில் 1936இல் தொடங்கப்பட்ட என்.எச்.எச். என்னும் வணிக உயர்கல்விக்கூடம் அதற்குப் பெயர்பெற்றது. 2004இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஃபின் கிட்லாந்தும் அங்கே படித்தவர்தான். மூன்றாண்டு இளநிலையும் இரண்டாண்டு முதுநிலையும் முடித்தவர்களை இங்கே 'சிவில்எக்கோனோம்' என்பார்கள்.

இக்கல்வி எதைப் பற்றியது என்பதை எனக்குப் பழகிய மீனைக் கொண்டே சொல்கிறேன். வந்த புதிதில் வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டியவன் நான். சாமன் மீன் குஞ்சு பொரித்து விற்பனைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை தீவனத்துக்குப் பணம் போய்க்கொண்டேயிருக்கும், ஆனால் விற்கும் நாளில் விலை என்னவாக இருக்கும், நோர்வே நாணயமான குரோனருக்கு எதிராக யூரோ எங்கே நிற்கும் என்பது எவருக்கும் தெரியாது. அந்த நிலையில் எவ்வளவு கடன் வாங்குவது, விலையை முன்கூட்டியே ஒப்பந்தமாக்குவதா, வலைக்கூடுகளைப் பெருக்குவதா என்று கணித்துச் சொல்வதே வணிகப் பொருளியல் படித்தவர்களின் வேலை. கணக்கீடு அதற்கு ஒரு கருவி மட்டுமே.

ஆகவே வேலைகளும் பலவகைப்பட்டவை: வங்கி, கப்பல் நிறுவனம், எண்ணெய்த் துறை, ஆலோசனை நிறுவனம், பேர்கனிலேயே இயங்கும், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரச ஆணையம். அரச அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளராக விரும்பினால், அதற்கென உள்ள முதுநிலைப் பட்டமும் நடைமுறைப் பயிற்சியும் தேவை.

இப்போதே கவனிக்க வேண்டியது கணிதம். என்.எச்.எச். போன்ற இடங்களுக்கு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பாடங்களில் ஆர்1, அல்லது எஸ்1, எஸ்2 ஆகிய இரண்டும் கட்டாயம். அவற்றை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். என் மகன் நல்ல புள்ளி கிடைக்கும் என்று 2பி எனப்படும் சுலபமான நடைமுறைக் கணிதத்தை எடுத்தான், நானும் மகிழ்ந்தேன். பிறகு அவன் வெளிவாரிப் பரீட்சார்த்தியாக எஸ்1, எஸ்2 எழுதியதில் ஓராண்டு முழுவதும் போயிற்று. அந்தத் தவறு என்னுடையதும்தான்.

கணிதத்துக்கு அடுத்தது மொழி. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியில் நடக்கின்றன. வாடிக்கையாளருடன் பேசும் வேலைகளில் அதைவிட நல்ல மொழிவளம் எதிர்பார்க்கப்படும். பெரிய நிறுவனங்கள் கோடைகாலப் பயிற்சி வேலைகளுக்கு முந்திய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் கேட்கும் என்பதையும், அங்கிருந்தே பலர் நிரந்தர வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் மகள் அறிந்திருக்கட்டும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 இலையுதிர் காலத்திலிருந்து மாணவர் விசாவில் வரும் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் அரச பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன. குடும்ப இணைப்பில் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. படிப்புக் கடனை 'லோனகாசன்' என்ற அரச கல்விக் கடன் நிதியம் கொடுக்கும்; பெற்றோர் வீட்டை விட்டு வெளியே தங்கிப் படித்து, பரீட்சைகளிலும் சித்தியடைந்தால் அதில் ஒரு பகுதி உதவித்தொகையாக மாறும். மகளைப் பேர்கனுக்குத் தனியே அனுப்பத் தயங்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

மகளுடைய பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவம் கொடுத்துவிட்டார்களா? கொடுத்திருந்தால், கணிதத்துக்கு நேரே அவள் எதைக் குறித்திருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.