சிம்பன்சி சிரிக்கிறதே, அது சந்தோஷம் இல்லையா?

"பழக்கிய சிம்பன்சியைச் சினிமாவில் நடிக்க வைப்பதில் என்ன தவறு, சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பெரும்பாலும் சிரிப்பே இல்லை, பயம். நான் வேலூர்க்காரன். எங்கள் பக்கம் சோளிங்கர் மலைப்படியில் குரங்கு பல்லைக் காட்டினால், சிரிக்கிறது என்று யாரும் கிட்டே போவதில்லை. அதையே திரையில் பார்த்தால் மட்டும் கைதட்டுகிறோம்.

திரையில் வருபவை அநேகமாகக் குட்டிகள். வளர்ந்த சிம்பன்சியின் பலத்தை மனிதனால் அடக்க முடியாது. காட்டில் 4, 5 வயது வரை தாய்ப்பால் குடிக்கும் உயிர் அது. அப்படிப் பால் குடிக்கும் வயதிலேயே தாயிடமிருந்து பிரித்துத்தான் பழக்குகிறார்கள். சரி, நடிப்பு முடிந்த பிறகு? 50 வருஷம்கூட வாழும் உயிருக்கு மிச்சக் காலமெல்லாம் பெரும்பாலும் கூண்டுதான். மற்ற சிம்பன்சிகளோடு சேர்ந்து வாழவும் அதற்குச் சரியாகத் தெரியாது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

நம் நாட்டில் குரங்கு, கரடி, சிங்கம், புலி, சிறுத்தையை வித்தைக்குப் பழக்க மத்திய அரசின் 1998 அறிவிக்கையே தடை விதித்தது. அப்புறம், சினிமாவுக்கு நிஜ விலங்கு தேவையும் இல்லை. 2011-ல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மனிதர்கள் நடித்த அசைவுகளைத்தான் கணினியில் குரங்குகளாக மாற்றினார்கள்.