ரத்தக்குழாய்க்கு எதற்குப் புரதப் பூச்சு?

பழுதான ரத்தக்குழாய்க்குப் பதிலாக வைக்கும் செயற்கை ரத்தக்குழாய் பற்றி எழுதியதும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பதில் சொல்கிறேன்.

செயற்கைக் குழாய் உறுதியான பொருள்தானே? அதன்மேல் எதற்குப் புரதம் பூச வேண்டும்? (பாம்பன்)

நீங்கள் பாம்பன்காரர், படகிலிருந்தே ஆரம்பிப்போம். புதுப் பெயின்ட் அடித்து இறக்கிய படகில் அன்றைக்கே கொட்டலசு பிடித்துவிடாது. முதலில் கடல்நீரில் கரைந்திருக்கும் புரதம் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். அப்புறம் பாக்டீரியா, பாசி. கை வைத்தால் வழுக்கும். கொட்டலசு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

உடம்புக்குள்ளும் அப்படித்தான், வேகம்தான் அதிகம். டாக்ரான் குழாயோ (சட்டைத் துணியில் இருக்கிறதே, அதே பாலியெஸ்டர்தான்) டெஃப்லான் வகைக் குழாயோ, ரத்தம் பட்ட சில நொடிகளில் ரத்தப் புரதங்கள் அதில் ஒட்டிவிடும். நாம் பூசாவிட்டால் ரத்தமே பூசிவிடும். அந்தப் படலத்தில் ஃபைப்ரினோஜென் என்ற, ரத்தம் உறைய உதவும் புரதம் இருக்கும். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணுக்கள், பிளேட்லெட்) பிடித்துக்கொள்ள அது வசதியான பிடி. அவை கூடினால் ரத்தம் உறையும், குழாய் அடைபடும்.

நம் சொந்தக் குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றைச் சுரந்து தட்டணுக்களை அண்டவிடாமல் செய்வது அவைதான். செயற்கைக் குழாய் வைத்தால், தையல் போட்ட இடத்திலிருந்து இந்தச் செல்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஊர்ந்து வரும், அதோடு சரி. நடுப்பகுதி வருடக்கணக்கில் செல் இல்லாமலே கிடக்கும். பெருந்தமனி போன்ற அகலமான குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் சமாளித்துவிடலாம். விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் தலைவலி.

அதனால்தான், எண்டோதீலியச் செல்கள் குழாய் முழுக்க ஒட்டிப் பரவட்டும் என்று ஃபைப்ரோநெக்டின், கொலாஜன், லேமினின் என்று செல்களுக்குப் பழக்கமான புரதங்களை முன்கூட்டியே பூசிப் பார்க்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஹெர்ரிங் என்பவரும் அவருடைய குழுவினரும் குழாய் வைக்கப்படும் உடம்பின் சொந்த எண்டோதீலியச் செல்களையே எடுத்துக் குழாயில் விதைக்கும் முறையை வெளியிட்டார்கள். ரத்த ஓட்டம் தொடங்கியதும் விதைத்ததில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போவதுதான் சிக்கல். பிறகு வியன்னாவில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) பசை பூசி, செல்களை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, கால் ரத்தக்குழாய்களுக்கு வைத்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் கால் கறுத்து வந்து நிற்பவரிடம் சில வாரம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா?

பூச்சு மாட்டிலிருந்து வருகிறதா, பன்றியிலிருந்தா? (கீழக்கரை)

நியாயமான கேள்வி. டாக்ரான் குழாயின் நெசவு வழியே ரத்தம் கசியாமலிருக்கக் கொலாஜனோ ஜெலட்டினோ ஏற்றியிருப்பார்கள். அது பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. சில டெஃப்லான் குழாய்களில் உறைவைத் தடுக்க ஹெப்பாரின் பிணைத்திருக்கும். அது பன்றிக் குடலிலிருந்து. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மீன் தோலும் செதிலும் இங்கே வீணாகத்தானே போகிறது, அதில் கொலாஜன் இல்லையா? (ராமேஸ்வரம்)

இருக்கிறது. ஆனால் மீன் கொலாஜன் மாட்டுக் கொலாஜனைவிடக் குறைந்த சூட்டிலேயே உருக்குலையும். நம் உடம்போ 37 டிகிரி. வேதிமுறையில் முடிச்சுப் போட்டு இறுக்கித்தான் பயன்படுத்த வேண்டும். அதில் ஆய்வு நடக்கிறது.

அலை அடித்தும் பாறையை விடாத சிப்பியின் பசையை இதற்குப் பயன்படுத்த முடியாதா? (மண்டபம்)

கேட்டீர்களே! மஸ்ஸல் சிப்பி நூல்விட்டுப் பாறையைப் பிடிக்கும். அந்த நூலின் நுனிப் புரதங்களில் டோபா என்ற அமினோ அமிலம் ஏராளம், ஈரத்திலும் ஒட்டவைப்பது அதுதான். அதைப் பார்த்து 2007-இல், டோபாவைப் போன்ற டோபமைன் என்ற பொருளின் கரைசலில் பொருளை முக்கிப் பூச்சு போடும் வழியை வெளியிட்டார்கள். எதிலும் எளிதில் ஒட்டாத டெஃப்லானிலும் அது பிடிக்கிறது. அதன்மேல் வேண்டிய புரதத்தை ஏற்றலாம். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

பைபாஸில் என் காலிலிருந்து நரம்பை எடுத்தார்கள். செயற்கைக் குழாய் வைத்திருக்கலாமே? (தொண்டி)

அது நரம்பு இல்லை, சிரை (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்). நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். இதயத் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த அளவில் செயற்கைக் குழாய் சீக்கிரம் அடைபட்டுவிடும்.

செல்லை ஒட்டவைக்கும் புரதம் தட்டணுவையும் ஒட்டவைக்காதா? (ராமநாதபுரம், கல்லூரி மாணவி)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஃபைப்ரோநெக்டினில் செல் பிடிப்பது ஆர்ஜிடி எனும் மூன்று அமினோ அமிலத் துண்டை. 1984-இல் கண்டுபிடித்தார்கள். தட்டணுவின் கொக்கியும் அதில் மாட்டும். செல் பரவுவதற்குள் தட்டணு முந்திக்கொண்டால் பூசியதே வினையாகிவிடும். எண்டோதீலியச் செல்லை அதிகம் விரும்பும் வேறு துண்டுகளைத் தேடுவது இதனால்தான்.

அப்பாவுக்கு டயாலிசிஸ். கையில் குழாய் வைக்கப் போகிறார்கள். செல் ஒட்டும் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்கலாமா? (பரமக்குடி)

அந்த வகைப் பூச்சு இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. அதைத் தேடி அலையாதீர்கள். முதலில், அவருடைய சொந்தச் சிரையையும் தமனியையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பெரும்பாலும் அதுதான் நீடிக்கும். சிரை சரியில்லை என்றால் செயற்கைக் குழாய். எது வைத்தாலும் அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ சோதனைக்கு ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.