கை எட்டும் நீளம், கம்பி கேட்கும் நீளம்: பேஸ் கிட்டார் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேஸ் கிட்டாரைப் பற்றியவை. ஒருவருக்குக் கை சின்னது, இன்னொருவருக்கு நாலு கம்பி போதவில்லை, வேறொருவர் ஊர் மரத்திலேயே செய்துவிடலாமா என்கிறார். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். கடையில் பார்த்த பேஸில் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஒரு விரலை வைத்தால் நாலாவதற்குச் சுண்டுவிரல் போகவே இல்லை. ஷோர்ட் ஸ்கேல் (கம்பி நீளம் குறைந்த பேஸ்) வாங்கினால் வளர்ந்த பிறகு வீணாகிவிடுமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: வீணாகாது. ஷோர்ட் ஸ்கேல் என்பது பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான் அல்ல. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி கையில் உலகமே பார்த்த ஹொஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம்தான். ஃபெண்டர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த மஸ்டாங் பேஸும் அதே நீளம்.

கடையில் நீங்கள் பார்த்தது 34 அங்குலமாக இருக்க வேண்டும். இது தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம், கிட்டாரின் மொத்த நீளம் அல்ல. 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட்டுக்கும் நாலாம் ஃபிரெட்டுக்கும் இடையே 130 மி.மீ. இருக்கும், 30 அங்குலத்தில் 114. பதினாறு மில்லிமீற்றர் என்றால் ஒரு விரலின் தடிப்பு. வாங்குமுன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்: ஒரு காகிதத்தில் 114 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அதைத் தும்புத்தடிக் கம்பில் சுற்றி ஒட்டுங்கள். பெருவிரலைக் கம்பின் பின்னால் வைத்து, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் மணிக்கட்டு மடங்காமல் இரண்டு கோட்டையும் தொட்டால் சரி. தொடாவிட்டாலும் கவலை வேண்டாம். சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றால் மூன்று ஃபிரெட்டை மட்டும் மூடி, கையை நகர்த்தி வாசிப்பது பெரிய டபுள் பேஸ்காரர்களின் பழைய முறை.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்ட்ராப்பை மாட்டி இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால், வாசிக்கும்போது முழு நேரமும் இடது கை அதைத் தாங்க வேண்டியிருக்கும். சின்ன உடலும், தலைப்பக்கத்தில் சுருதி ஏற்றும் கனமான டியூனரும் சேர்ந்தால் இப்படித்தான் வரும். உட்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் கொஞ்சம் பிடிக்கும். முழுத் தீர்வு வேண்டுமென்றால் பாரம் குறைந்த டியூனர்களாக மாற்ற வேண்டும்.

பாடகர் குழுவுக்கு, மேற்பரப்பு தட்டையாக உள்ள ஃபிளாட்வூண்ட் கம்பி போடுங்கள். விரல் உரசும் சத்தம் குறையும், தேய்வதும் மெதுவாகத்தான்.

கேள்வி: ஐந்து கம்பி வேண்டும், ஈ கம்பிக்கும் கீழே வரும் தாழ் பி கட்டாயம். ஆனால் 30 அங்குலத்துக்கு மேல் எனக்குச் சரிவராது. இரண்டையும் சேர்த்துச் செய்விக்கலாமா? (வாசகர், பதுளை)

பதில்: செய்விக்கலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைக்கும் சத்தம் அதில் வராது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். 30ஐ 34ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.78. அதாவது 22% இழுவிசை போய்விடும். 34 அங்குலத்தில் 130 தடிப்புள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் 130 பங்கு) பி கம்பி சுமார் 34½ இறாத்தல் இழுக்கும். அதையே 30இல் போட்டால் 27 இறாத்தல்தான். பக்கத்துக் கம்பிகள் அதைவிட இறுக்கமாக நிற்கும்போது இது மட்டும் துணி உலர்த்தும் கொடி மாதிரித் தொய்ந்து, ஃபிரெட்டில் அடிபட்டு, பலமாகத் தட்டினால் முதல் கணம் சுருதி மேலே ஏறி இறங்கும்.

சரி, தடித்த கம்பி போடலாமே என்பீர்கள். பழைய இழுவிசை திரும்ப வர 145க்கும் 150க்கும் இடையில் ஒன்று வேண்டும். அங்கே அடுத்த சிக்கல். தடித்துக் குட்டையான கம்பி, கம்பியாக அசையாமல் இரும்புத் தடி மாதிரி விறைக்கத் தொடங்கும். விறைத்தால், அடிச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்கள் சரியான இரட்டிப்பு, மும்மடங்கில் நில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போகும். காதுக்கு அது சுரமாகப் படாது, "தொம்" என்ற மொத்தலாகத்தான் கேட்கும். பிரிட்ஜுக்குக் கிட்டே மெலிந்து உட்கம்பி மட்டும் சாடிலில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டில்) படும் டேப்பர் வகைக் கம்பி இதை ஓரளவு திருத்தும். நட்டின் வெட்டையும் பிரிட்ஜ் துளையையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும்.

இதனால்தான் பெரியவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தனி ஜாக்சனுக்காக 1975இல் கிட்டார் செய்பவரான கார்ல் தொம்சன் ஆறு கம்பி பேஸ் செய்தார். பின்னாளில் ஃபொடேரா பட்டறை அவருக்குச் செய்தவை 36 அங்குலம். டிங்வால் நிறுவனத்தின் பல பேஸ்களில் தாழ் கம்பி 37, உயர் கம்பி 34 அங்குலம். ஃபிரெட்டுகள் விசிறி மடிப்பு மாதிரி விரிந்து நிற்கும்.

அந்த விசிறி முறையைத்தான் உங்களுக்கும் சொல்வோம். பி பக்கம் 33, ஜி பக்கம் 30. பி கம்பி 135 தடிப்பில் போட்டால் 34 அங்குலப் பேஸில் 130 தரும் இழுவிசை ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். ஏழாம் ஃபிரெட்டை நேராக வைத்தால் நட் 25 மி.மீ. சரியும், பிரிட்ஜ் 51 மி.மீ. சரியும். அந்தச் சரிவுக்கு ஒரே துண்டுப் பிரிட்ஜ் உதவாது, கம்பிக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிரிட்ஜ் வாங்க வேண்டும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் சரிந்து உட்காரும் என்பதால், தனித்தனிக் காந்தக் குமிழ் உள்ளதை விட முழு நீளப் பட்டைக் காந்தம் உள்ளதே நல்லது. கம்பி எங்கே விழுந்தாலும் சத்தம் குறையாது. முதல் நாலு ஃபிரெட்டுக்கு ஜி பக்கம் அதே 114 மி.மீ.தான், பி பக்கம் மட்டும் 126.

ஃபிரெட்டுக்குக் கோடு போடுவது கடினமில்லை. இரண்டு ஓரக் கம்பியின் பாதையிலும் தனித்தனியாக ஃபிரெட் இடங்களைக் குறித்து, ஒன்றை ஒன்றோடு இணைத்தால் முடிந்தது.

இன்னொரு வழியும் உண்டு. கம்பியைக் கூட்டுவதென்றால் கீழேதான் கூட்ட வேண்டுமா? ஈ, ஏ, டி, ஜியோடு மேலே ஒரு சி சேர்த்துப் பாருங்கள். 30 அங்குலத்தில் சி கம்பி இனிமையாக நிற்கும், கோர்ட் பிடிக்கலாம், மெட்டு வாசிக்கலாம். உங்கள் அம்ப் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறியதென்றால் இதுவே புத்தி. தாழ் பி 31 ஹேர்ட்ஸ். அந்த ஸ்பீக்கர் அதை அசைத்துக் காட்டாது, நீங்கள் கேட்பது பெரும்பாலும் 62இல் உள்ள இரண்டாம் சுரம்தான்.

கேள்வி: எங்கள் ஊர் மர பாஸ் ஒருவர் கதிரை, அலுமாரி எல்லாம் அருமையாகச் செய்வார். அவரைக் கொண்டு 30 அங்குல ஐந்து கம்பி செய்விக்க ஆசை. எந்த மரம்? எதில் பிழைக்கும்? (வாசகர், தலவாக்கலை)

பதில்: பேஸ் செய்ய பாஸைப் பிடித்தது சரியான இடம்தான். தச்சு வேலை அவருக்குத் தெரியும், அளவின் நுணுக்கத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.

உடலுக்கு மஹோகனி எடுக்கலாம். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும், நாம் சவுக்கு என்று சொல்லும் கிரெவில்லியாவும் நல்லது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் நீளமாக அறுத்தால் மீன் செதில் மாதிரிப் பளபளப்பு வரும், அழகான மரம். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். அல்பீசியா வேண்டாம், திருகாணி பிடிக்காது. யூகலிப்டஸ் காயும்போது முறுகும், நெக்குக்கு (கழுத்துக்கு) அறவே கூடாது.

நெக்குக்கு மஹோகனி, ஆனால் ஒரே பலகையாக வேண்டாம். 24 மி.மீ. பட்டை மூன்றை வெட்டி, நடுப்பட்டையை முன்பின்னாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்று வளைய நினைத்தால் மற்றது தடுக்கும். நடுவில் ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி), இரு பக்கமும் 3 மி.மீ. கார்பன் ஃபைபர் பட்டை. நடுப்பட்டைக்குத் தேக்கு பாவித்தால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. ஃபிங்கர்போர்டுக்குப் பழைய தளபாடத்திலிருந்து எடுத்த முதிரை கிடைத்தால் வேறொன்றும் தேட வேண்டாம்.

காய வைப்பதில்தான் நம் பக்கம் அதிகம் கெடுகிறது. காற்றில் ஈரப்பதம் 80% இருந்தால் மரம் எத்தனை வருடம் கிடந்தாலும் 16% ஈரத்தில்தான் நிற்கும். "பத்து வருடப் பலகை" என்று சொல்லித் தந்தாலும் அது தலவாக்கலைக் காற்றுக்குக் காய்ந்த பலகை. கொழும்பில் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால் சுருங்கி, ஃபிரெட் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். அடுப்புக்கு மேல் பரணில் போடுவதும் பிழை, வெளிப்புறம் மட்டும் காய்ந்து வெடிக்கும். பலகையின் இரு முனைக்கும் பெயின்ட் பூசி, 40 வாட் மஞ்சள் பல்ப் எரியும், மேலே சிறு துளைகள் உள்ள ஒரு மரப்பெட்டியில் வையுங்கள். பலகை பல்பில் படக்கூடாது. வாரம் ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை மாறாவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

ஃபிரெட் இடங்களை ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டு போகவே கூடாது. ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீற்றர் பிழைத்தால் பன்னிரண்டில் அது 3 மி.மீ. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். 762 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃபிரெட் 42.8, ஐந்தாவது 191.1, ஏழாவது 253.4, பன்னிரண்டாவது 381.0. ஃபிரெட் வெட்டு 0.6 மி.மீ.தான் இருக்க வேண்டும். சாதாரண வாளும் இரும்பறுக்கும் பிளேடும் இதைவிட அகலமாக வெட்டும், ஃபிரெட் ஆடும், பசை ஊற்றினாலும் ஒரு வருடத்தில் எழும்பும். பாஸிடம் எல்லாம் இருக்கும், இந்த மெல்லிய வாள் மட்டும் இராது. அதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பிரிட்ஜை ஜி பக்கச் சாடில் முழுவதும் முன்னே தள்ளிய நிலையில் 762இல் வரும்படி பொருத்துங்கள். கம்பியை அழுத்தும்போது சுருதி கூடும், அதை ஈடுசெய்யச் சாடில் பின்னேதான் போக வேண்டும்: ஜி சுமார் 2 மி.மீ., பி கம்பி 7, 8 மி.மீ. வரை. சரியாக 762இல் பிரிட்ஜின் நடுவை வைத்துத் திருகிவிட்டு, பி கம்பிக்கு இடம் போதாமல் மறுபடி துளை போட்டவர்கள் பலர்.

கேள்வி: நுவரெலியாவில் நன்றாக இருந்த ஆறு கம்பி பேஸ், கண்டியில் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனால் கரகரக்கிறது. ட்ரஸ் ரொட்டைத் திருப்ப வேண்டுமா?

பதில்: முதலில் அளந்து பாருங்கள். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடித்தால், ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. வெளி தெரிய வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்று 0.1 மி.மீ. மூன்று தாள் உராய்ந்து நுழைந்தால் நெக்கில் பிழை இல்லை, வேறெங்கோ தேடுங்கள். ஒரு தாளும் நுழையாவிட்டால் ரொட்டைத் தளர்த்த வேண்டும், ஐந்து நுழைந்தால் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு சில மணி நேரம் விட்டு மறுபடி அளவு. சில ஆறு கம்பி நெக்குகளில் இரண்டு ரொட் இருக்கும். பி பக்கமும் சி பக்கமும் தனித்தனியாக அளக்காமல் ஒன்றை மட்டும் இறுக்கினால் நெக் முறுகும். பயணத்துக்குக் கடினப் பெட்டி பாவியுங்கள், போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள்.

கேள்வி: ஷோர்ட் ஸ்கேல் கம்பி கிடைப்பதில்லை. 34 அங்குலக் கம்பியை வெட்டிப் போடலாமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: ஜி, டி போடலாம். ஈ கம்பியில் சிக்கல், தடித்த சுற்று அப்படியே டியூனரில் சுற்றப்பட்டால் சுருள் விலகி சத்தம் செத்துவிடும். வெட்டுவதானால் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னே கம்பியைக் குறட்டால் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று அவிழ்ந்துபோகும். எடுப்பிக்கும்போது "ஷோர்ட் ஸ்கேல்" என்று மட்டும் சொல்லாமல், கம்பியின் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து சொல்லுங்கள். உடலின் பின்புறமாகக் கோக்கும் பேஸில் அது அதிகம்.

கேள்வி: கோயில் திருவிழா மேடையில் என் பேஸ் "ம்ம்ம்" என்று இரைகிறது. ஜி சுரம் வாசித்தால் அலை அடிக்கிறது. (வாசகர், மஸ்கெலியா)

பதில்: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் ஜி 49 ஹேர்ட்ஸ். இரண்டும் உரசி வினாடிக்கு ஒரு தடவை அலையும். உங்கள் காது சரி. ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு இருந்தால் இரண்டின் வொலியூமையும் சமமாகத் திறந்து பாருங்கள், பல பேஸ்களில் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். உள்குழியில் செப்புத் தகடு ஒட்டி அதை ஏர்த் வயரோடு பற்றவைப்பது அடுத்த படி.

கம்பியைத் தொட்டதும் கையில் சுரீரென்றால் அது வேறு கதை. அம்ப்பின் ப்ளக்கில் மூன்றாவது பின்னை உடைத்திருப்பார்கள், அல்லது மேடைக்கு ஏர்த்தே இராது. பேஸின் கம்பி ஒவ்வொன்றும் அம்ப்பின் உடலோடு இணைந்தது. மைக்கில் உதடு பட்டால் மின்சாரம் உங்கள் வழியாகவே போகும். ஏர்த் போட்டு, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கும் வரை மேடையில் பேஸைத் தொடாதீர்கள்.