மின்வேலி: கம்பம் நடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

கேள்வி: தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போடப் போகிறேன். தெரிந்தவர் ஒருவர், "எனர்ஜைசர் (வேலிக் கம்பிக்கு விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும் பெட்டி) எல்லாம் வீண் செலவு, வீட்டு லைனிலிருந்தே ஒரு வயர் இழுத்து நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டால் கரண்ட் குறைந்துவிடும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. வேலியே இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யாதீர்கள். 230 வோல்ட் லைனில் 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன் வழியாக 400 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது, நடுவில் ஒரு மனித உடம்பு சேர்ந்தால் குறையும், ஆனாலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மிஞ்சும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போய்விடும். அதற்கு மேல் சில பத்து மில்லி ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். வீட்டு லைன் இடைவெளியே விடாமல் பாய்வதுதான் இதில் கொல்லும் விஷயம்.

எனர்ஜைசர் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தும் ஆளைக் கொல்லாமல் விடுவதற்குக் காரணம், அது நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் அடிக்காது, ஒவ்வொரு அடியும் கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு, அடிக்கும் அடிக்கும் நடுவில் கையை எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஐ.இ.சி. 60335-2-76 என்ற சர்வதேசத் தரம், 500 ஓம் மின்தடையில் ஒரு துடிப்பின், அதாவது ஒரு அடியின், ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வாங்கும் பெட்டியில் அந்தத் தர எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள், வீட்டிலேயே செய்து தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள்.

கேள்வி: நல்ல எனர்ஜைசர் வாங்கியாகிவிட்டது. இனி ஆபத்து இல்லைதானே?

பதில்: இருக்கிறது. பெட்டி நல்லதாக இருப்பது பாதி வேலைதான், மீதி நீங்கள் கம்பியை எங்கே, எப்படி இழுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கம்பம் நடுவதற்கு முன்னால் வேலி வரப்போகும் பாதை முழுக்க ஒரு தடவை நடந்து பாருங்கள். நடக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி: இங்கே யார் தொடக்கூடும், தொட்டால் அவரால் உடனே விலக முடியுமா?

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை. தடுக்கி விழுந்து கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டால், தவழும் குழந்தை தலையை நுழைத்துவிட்டால், அடி திரும்பத் திரும்ப விழும். தலையிலும் கழுத்திலும் படும் அடி கையில் படுவது போன்றது அல்ல. அதனால்தான் முள்கம்பியில் மின்சாரம் பாய்ச்சவே கூடாது என்கிறார்கள், முள் துணியையும் தோலையும் பிடித்துக்கொள்ளும். வலை போன்ற மின்வேலியிலும் இந்தச் சிக்கும் ஆபத்து உண்டு, குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதைத் தவிருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா? அறுந்து வேலியில் விழுந்தால் உங்கள் வேலி முழுக்க அந்த மின்சாரம்தான் ஓடும், எனர்ஜைசரின் வரம்பு எதுவும் அங்கே உதவாது. முடிந்தவரை மின்கம்பிக்குக் கீழே வேலி போடாதீர்கள். கடந்தே தீர வேண்டும் என்றால் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். வேலிக்கும் மின்கம்பிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 1000 வோல்ட் வரையான கம்பிக்கு 3 மீட்டர், 33 கிலோவோல்ட் வரை 4 மீட்டர், அதற்கு மேல் 8 மீட்டர்.

எர்த் விஷயத்தில் நிறையப் பேர் சோம்பல்படுகிறார்கள், வீட்டு எர்த்திலேயே இதையும் கட்டிவிடுகிறார்கள். வேலிக்குத் தனி எர்த் வேண்டும், வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி. தண்ணீர்க் குழாயில் கட்டினால் குழாயைத் திறப்பவருக்கு அடி விழும். பக்கத்து நிலத்தில் வேறு எனர்ஜைசர் வேலி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 2.5 மீட்டர் விடுங்கள், ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் இரண்டு பெட்டியும் மாறி மாறி அடிக்கும், அந்த இடைவெளிப் பாதுகாப்பு போய்விடும்.

மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வாசலிலும், ஆள் நடக்கும் பாதையை ஒட்டியும் கட்டாயம். எழுத்தோடு படமும் இருக்கட்டும், படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிய வேண்டும்.

கேள்வி: வீட்டில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. வேலியில் யாராவது அடிபட்டால் அது டிரிப் ஆகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. எனர்ஜைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வேலியை வீட்டு லைனிலிருந்து பிரித்துவிடுகிறது, வேலியில் நடப்பது இ.எல்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அது வீட்டுப் பக்கத்து வயரிங்குக்குத் தேவைதான், வேலிக்கு அதை நம்பாதீர்கள். எனர்ஜைசரை அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். யாராவது சிக்கினால் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கத் தோன்றும், முதலில் சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி: இரவில் வேலியில் ஒரு இடத்தில் "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது. விடலாமா?

பதில்: விடாதீர்கள். உடைந்த இன்சுலேட்டரோ (கம்பியின் மின்சாரம் கம்பத்துக்குப் போகாமல் தடுக்கும் துண்டு) கம்பியில் உரசும் செடியோ இருக்கும், அங்கே பொறி பறக்கிறது, காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கும். பெட்டியை அணைத்துவிட்டு செடியை வெட்டுங்கள், இன்சுலேட்டரை மாற்றுங்கள். இடி மின்னல் வரும் நாளில் வேலிப் பக்கமே போகாதீர்கள், இந்த வேலையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.