ஒயின் சுற்றுலா: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: வழிகாட்டியோடு போகும் ஒருநாள் உணவு, ஒயின் சுற்றுலாவுக்கு இரண்டு திட்டங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஐந்து ஒயின் ஆலைகள், இன்னொன்றில் மூன்று. கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்துதானே லாபம்?

பதில்: மூன்று உள்ளதை எடுங்கள். ஓர் ஆலையில் ஐந்து வகை ஊற்றுகிறார்கள், வகைக்கு 50 மில்லி என்று வைத்துக்கொண்டால் 250 மில்லி ஆகிறது. மூன்று ஆலை முடியும்போது 750 மில்லி, அதாவது ஒரு முழு பாட்டில். ஐந்து என்றால் ஒன்றரை பாட்டிலையும் தாண்டிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு நாக்கில் தங்கிக்கொண்டே போவதால், நாலாவது ஆலையில் நல்லது எது, சுமார் எது என்று பிரித்தறிய முடியாது.

நேரமும் இடிக்கும். பீப்பாய் அறையைப் பார்த்து, நிதானமாகச் சுவைக்க ஓர் ஆலைக்கு ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். எட்டு மணி நேரத்தில் பயணமும் சாப்பாடும் போக ஐந்து ஆலைக்கு அது கிடைக்காது. ஒவ்வோர் இடத்திலும் விற்பனைக் கவுன்டரை மட்டும் பார்த்துவிட்டு வண்டி ஏறுவீர்கள்.

எந்தத் திட்டமானாலும் துப்புவதற்குப் பாத்திரம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு சிறு மடக்கு எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, லேசாகக் காற்றை உள்ளிழுத்துவிட்டுத் துப்பினால் சுவை முழுதாகத் தெரியும். தொழிலாகச் சுவைப்பவர்கள் செய்வதும் இதுதான். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வழிகாட்டியே வண்டி ஓட்டுகிறார் என்றால், அவர் ஒயினைத் தொடமாட்டார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: “உணவு உட்பட” என்று போடுகிறார்கள். அதை நம்பலாமா? எனக்கு முட்டை ஒவ்வாமையும் உண்டு.

பதில்: அந்த இரண்டு சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடும் மதிய உணவா, ஒரு தட்டு சீஸும் ரொட்டியுமா? சாப்பாட்டோடு வரும் ஒயினுக்குத் தனி பில்லா? ஆலைகளின் சுவைக் கட்டணம் யார் பொறுப்பு? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தைக்குள் நடந்து சாப்பிடும் சுற்றுலாவில் 12 பேரைத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு வழிகாட்டி சொல்வது காதில் விழாது.

ஒவ்வாமையைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். அன்று காலையில் சொன்னால் சமையலறையால் மாற்ற முடியாது. ஒயினிலும் கவனம் தேவை. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்ப்பதுண்டு. எந்தெந்த ஒயினில் சேர்த்தார்கள் என்று ஆலையில் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: வாங்கும் பாட்டில்களை விமானத்தில் கொண்டுவரலாமா?

பதில்: கைப்பையில் வேண்டாம், 100 மில்லி வரம்பு இருக்கும் விமான நிலையங்களில் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆல்கஹால் 24 சதவீதத்துக்கு மேல் போகாத ஒயினுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். நிரம்பிய ஒரு பாட்டில் சுமார் 1.2 கிலோ இருக்கும், ஆறு வாங்கினால் எடைக் கட்டணம் விழலாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்: சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரத்தில் கசியும், சுவையும் வெந்த பழம்போல் ஆகிவிடும். கடைசி ஆலையில் வாங்குவதே பாதுகாப்பு.