கியர் விழாத கார்: வாங்கலாமா, வேண்டாமா?

பழைய கார் வாங்குவது தொடர்பாக வந்த கடிதங்களில், கியர் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2016ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்; 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்டத்தில் மற்ற கியர்கள் ஓரளவு விழுகின்றன. ஆனால் நின்ற நிலையில் முதல் கியரும் ரிவர்ஸும் எளிதில் விழுவதில்லை. ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று பல் உரசும் சத்தமும் வருகிறது. “இந்த மாடலே அப்படித்தான் சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– வாசகர், கரூர்

பதில்: நம்ப வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் கார் எந்த மாடலாக இருந்தாலும், சமதளத்தில் நின்றுகொண்டு கிளட்சை முழுவதும் மிதித்தால் முதல் கியர் முரண்டு பிடிக்காமல் விழ வேண்டும். நீங்கள் சொல்லும் குறை சில நூறு ரூபாயில் தீர்வதாகவும் இருக்கலாம். கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி எல்லாக் கியர்களையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒரு கியர் மட்டும் விழாவிட்டால் பதற வேண்டாம். உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கும், காரைச் சற்றே தள்ளிவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும். பிறகு என்ஜினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், பழுது பெரும்பாலும் கியர் பாக்ஸில் இல்லை. நீங்கள் மிதித்த பின்பும் கிளட்ச் பிளேட் முழுமையாக விடுபடாமல், என்ஜினின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள். அணைந்த நிலையிலும் ஓடும் நிலையிலும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால், கியர் லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குச் செல்லும் கேபிள்களையும் அவற்றின் முனையில் உள்ள புஷ்களையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதை உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. எதிரில் ஆளில்லாத சமதளத்தில், கிளட்சை அடிவரை மிதித்து, முதல் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கிளட்ச் மிதித்தே இருக்கும்போது கார் தானாக ஊர்ந்தால், கிளட்ச் விடுபடவில்லை என்பதில் ஐயமில்லை.

அதற்கான காரணத்தை மலிவானதிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். என் பட்டறைக்கு ஒரு முறை இதே குறையோடு வந்த காரில், பழைய மிதியடியின் மேலேயே புதிதாக ஒரு கனத்த ரப்பர் மிதியடியைப் போட்டிருந்தார்கள். கிளட்ச் பெடல் தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பாகவே தடுக்கப்பட்டு நின்றது. மேல் மிதியடியை எடுத்து வெளியே போட்டதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்தது, கேபிள் கிளட்ச் உள்ள காரானால் கேபிளின் தளர்வு. அதை அட்ஜஸ்ட் செய்தாலே பல கார்கள் சரியாகிவிடும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சானால் பெடலை நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். அப்போது சுலபமாக விழுந்தால், லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரோ கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் பெடல் தொங்கும் இடத்தையும் அதன் கீழுள்ள கார்ப்பெட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பான ஈரம் தட்டுப்பட்டால் விடை அங்கேயே இருக்கிறது. பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் திரவம் எடுத்துக்கொள்கின்றன என்பதால் இந்தக் கசிவை அலட்சியம் செய்யக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால்தான் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் என்று உள்ளே போக வேண்டியிருக்கும்.

ரிவர்ஸ் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் வளையம்) கிடையாது. முன்னால் போய்க்கொண்டிருந்த காரை நிறுத்திய மறுநொடியே ரிவர்ஸ் போட்டால் நல்ல காரும் உரசத்தான் செய்யும். கிளட்சை மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள். அல்லது ஒரு முறை முதல் கியருக்குக் கொண்டுபோய்விட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். அப்படியும் உரசினால் அது குறைதான். ரிவர்ஸில் போகும்போது கேட்கும் ‘ஙொய்’ என்ற சத்தம் மட்டும் இயல்பானது. அந்தப் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை.

கேள்வி: நான் பார்த்த காரில் காலையில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது மட்டும் உரசல் கேட்கிறது, சூடானதும் குறைந்துவிடுகிறது. “கியர் ஆயில் மாற்றினால் போய்விடும்” என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். விலையில் 5,000 ரூபாய் குறைக்கவும் தயாராக இருக்கிறார். வாங்கிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கிளட்சில் குறை என்றால் அது ஒரே ஒரு கியரோடு நிற்காது. ஒரே ஒரு கியரில் மட்டும் உரசல் என்றால், அந்தக் கியருக்கான சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். வேகமாகச் சுற்றும் ஒரு கியரும் மெதுவாகச் சுற்றும் ஒரு தண்டும் பற்களால் ஒன்றையொன்று பிடிப்பதற்கு முன், இரண்டின் வேகத்தையும் உரசிச் சமமாக்கித் தருவது இந்த வளையத்தின் வேலை. பல கார்களில் இது பித்தளையால் ஆனது. உட்புறத்தில் மெல்லிய வரிகள் ஓடும்; புதிய வளையத்தை நகத்தால் வருடினால் அந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். தேய்ந்த வளையத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். வரி போனால் ஆயிலைக் கிழித்துக்கொண்டு கியரின் கூம்பைப் பிடிக்கும் பிடி போய்விடும். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அது இன்னும் மோசமாகத் தெரியும்.

இதைக் காரைப் பிரிக்காமலே சோதிக்கலாம். முன்னாளில் லாரி ஓட்டுநர்கள் செய்த ‘டபுள் கிளட்ச்’ முறைதான் அது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஒரு கணம் கழித்து மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். இப்படிப் போடும்போது உரசாமல், சாதாரணமாகப் போடும்போது உரசினால் சிங்க்ரோ தேய்ந்ததே காரணம். காரில் சிங்க்ரோ 1928இல் காடிலாக் வழியாக அறிமுகமாவதற்கு முன் எல்லோரும் இப்படித்தான் கியர் மாற்றினார்கள். நம்முடைய பழைய அம்பாசடரில்கூட முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது.

ஆயில் மாற்றினால் போய்விடும் என்பது பாதி உண்மை. பழைய ஆயிலை மாற்றினால் கியர் மென்மையாவதுண்டு. ஆனால் தேய்ந்த பித்தளையை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. தவறான ஆயில் ஊற்றியிருக்கும் வாய்ப்பையும் மறக்காதீர்கள்: ஜி.எல்.4 வகை கியர் ஆயில் ஊற்ற வேண்டிய கியர் பாக்ஸில் ஜி.எல்.5 வகையை ஊற்றினால், அதிலுள்ள சேர்மானங்கள் சில பித்தளையை அரிக்கக்கூடும், சிங்க்ரோவின் பிடியையும் குறைக்கும். ஆகவே விற்பவரிடம், அவருடைய செலவில், காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலையே மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்து, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உரசல் நீடித்தால், 5,000 ரூபாய் தள்ளுபடியை ஏற்பதற்கு முன், கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து சிங்க்ரோ மாற்ற அந்த மாடலுக்கு எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பித்தளை வளையத்தின் விலை பெரிதாக இருக்காது. இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது.

கேள்வி: கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று பத்து நிமிட டிரையலில் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முடியும். காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் குபுக்கென்று ஏறி, கார் வேகமெடுக்காமல் பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. பெடல் மிக மேலே வந்த பிறகுதான் கார் நகரத் தொடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். இத்தனை கி.மீ. வரை கிளட்ச் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 40,000இல் தீர்த்தவரும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டியும் மாற்றாதவரும் உண்டு. மீட்டர் குறைவாகக் காட்டும் காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: சென்னை வேளச்சேரியில் ஒரு காரைப் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. சீட்டெல்லாம் புதிதாக இருக்கிறது. கியரை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உண்டு. கியர் பாக்ஸ் மேலே காற்று போய்வர ஒரு சிறு துவாரம் வைத்திருப்பார்கள். ஓடிச் சூடான கியர் பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துவாரத்தின் வழியாகவும் சீல்களின் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நாள்கணக்கில் நீரில் நின்றாலும் இதுவே நடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற கார்களில் சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றியவர்கள் எல்லோரும் கியர் ஆயிலையும் மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

காரை லிஃப்டில் ஏற்றி, கியர் பாக்ஸின் ஆயில் பிளக்கைத் திறந்து இரண்டு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காப்பி போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தெளிவாக, புதிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஆயிலை மாற்றியிருக்கலாம். அப்போது காதைப் பயன்படுத்த வேண்டும். என்ஜின் ஓட, நியூட்ரலில், கிளட்சை விட்ட நிலையில் கேட்கும் இரைச்சல், கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், கியர் பாக்ஸின் உள்ளே என்ஜினின் சுழற்சியை வாங்கும் தண்டின் (இன்புட் ஷாஃப்ட்) பேரிங் கெட்டிருக்கிறது. துருப்பிடித்த பேரிங் இப்படித்தான் பேசும். மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். வெள்ளத்துக்குப் பின் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற காரில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, என்ஜினின் சுழல் சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றோடு, முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அம்மா. சீட்டை மாற்றியவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வால்பாறை. விலை குறைவாகக் கிடைக்கும் ஒரு காரில், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கையால் பிடித்துக்கொண்டால் நிற்கிறது. வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: இந்த நிலையில் வாங்காதீர்கள். ஆழியாறிலிருந்து உங்கள் ஊருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இறங்கும்போது காரைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல, இரண்டாவது கியரில் என்ஜின் கொடுக்கும் இழுவையும்தான். வளைவின் நடுவில் கியர் நழுவினால் அந்த இழுவை ஒரே நொடியில் போய்விடும். முழுப் பாரமும் ஏற்கெனவே சூடேறிய பிரேக்கின் மேல் விழும். ஒரு கை கியரைப் பிடித்திருக்க, மறுகையால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நழுவுவதற்கு வெளிக்காரணங்களும் உண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது கியர் லீவரே முன்னும் பின்னும் ஆடினால், கிழிந்துபோன என்ஜின் மவுண்டிங்கோ அட்ஜஸ்ட்மெண்ட் தவறிய கேபிளோ காரணமாக இருக்கலாம். அவை எளிதில் சரியாகும். லீவர் ஆடாமல் இருந்து திடீரென்று துள்ளி வெளியே வந்தால், உள்ளே கியரைப் பிடிக்கும் பற்களின் முனை மழுங்கியிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க் தேய்ந்திருக்கும். கியர் குமிழின் மேல் எப்போதும் கையை ஊன்றி ஓட்டுபவர்களின் கார்களில் ஃபோர்க் சீக்கிரம் தேய்வதைப் பார்த்திருக்கிறேன். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கியர் பாக்ஸ் கிடைக்கிறதே என்று சிலர் யோசனை சொல்வார்கள். காரில் மாட்டி ஓட்டும்வரை அதன் உள்நிலை யாருக்கும் தெரியாது. மலைச் சாலைக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். விற்பவரே கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்து, பில்லோடு காட்டினால் மறுபடி பாருங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கியர் சரியாக விழாவிட்டால், குறை என் காலிலா காரிலா என்று எனக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் நீங்கள் ஓட்டாதீர்கள். உரிமையாளரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையையும் காலையும் பாருங்கள். காரின் குறை அதை வைத்திருப்பவரின் பழக்கமாக மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்கிறாரா, இரண்டாவது கியருக்கு வரும்போது மட்டும் கை தயங்கி மெதுவாகிறதா, ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவுகிறாரா, கியரைப் போட்டுவிட்டுப் பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்கிறாரா என்று கவனியுங்கள். பின்னோக்கி எடுக்கத் தேவையில்லாதபடி காரின் முகத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தால், மறுபடி உள்ளே விட்டு ரிவர்ஸில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.